பாதிராத்திரிப் பரோட்டா: சோமனூர்ப் பக்கத்து மாணவன் ஒருவனின் தூக்கமும் சாப்பாடும் – ஒரு நிகழ்வு ஆய்வு

அம்மா சொன்ன குறை இதுதான்: “காலையில வெறுவயித்தோட வேனேறிப் போயர்றானுங்க. சோத்து டப்பா பாதி அப்படியே திரும்பி வருது. ராத்திரியானா மட்டும் தீனி தீனின்னு நிக்கறான். நீங்க ஒரு சார்ட்டு எழுதிக் குடுத்தீங்கன்னா அதும்படி பண்ணிருவேனுங்க.”

நானும் எழுதிக் கொடுத்தேன். காலை ஆறரைக்கு மூன்று இட்லி, பதினோரு மணிக்குச் சுண்டல், இரவு எட்டு மணிக்குமேல் ஒன்றும் கூடாது என்று அச்சடித்த தாள். பதினைந்து நாள் கழித்து அந்தத் தாள் மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது. எடையும் கூடியிருந்தது. அந்தத் தாளில் பையன் எப்போது தூங்குகிறான் என்று ஒரு வரிகூட இல்லை. நான் கேட்கவே இல்லை என்பதுதான் காரணம். கோவை மாவட்டம் கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில் வாரம் மூன்று நாள் உணவு ஆலோசகராக உட்காருகிறேன். வருகிறவர்களிடம் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று கேட்டுப் பழகிய வாய்க்கு, எத்தனை மணிக்குக் கண்ணயர்ந்தீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டாரின் சம்மதம் உண்டு. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். பையனைப் பையன் என்றே சொல்கிறேன்.

வீடும் நாளும்

பதினாறு வயது, பதினொன்றாம் வகுப்பு. அப்பாவுக்கு வீட்டை ஒட்டியே எட்டுத் தறி ஓடும் ஒரு தறிக்குடோன். பாவும் நூலும் ஜவுளிக்காரர் கொடுப்பார், இவர்கள் கூலிக்கு ஓட்டிக் கொடுப்பார்கள். பகல் ஷிப்டுக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டார். இரவு ஷிப்டுக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதால், இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை அப்பாவே நிற்கிறார். காலை ஒன்பது மணிக்குப் படுத்து மாலை நான்கு மணிக்கு எழுகிறார். அம்மா தார் போடுகிறார் (தறி நாடாவுக்கான குழலில் நூல் சுற்றுவது), சமைக்கிறார், எருமை ஒன்றைப் பார்த்துக்கொள்கிறார். மூத்தவளைக் கட்டிக்கொடுத்தாயிற்று.

பையனுடைய வேன் காலை 6.35க்கு வருகிறது. ஏழரைக்குப் பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ். எழுவது 5.45. பள்ளி முடிந்து வேனில் சோமனூரில் இறங்கினால் மாலை 5.15, டியூஷன் ஆறு மணிக்கு. அதுவரை நேரம் போவது பேக்கரியில். எங்கள் பக்கத்தில் டீக்கடை என்று தனியாகக் கிடையாது என்பது வெளியூர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கும். டீ, பப்ஸ், தேங்காய் பன், வெஜிடபிள் ரோல் எல்லாம் ஒரே கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் இருக்கும், அதற்குப் பெயர் பேக்கரி. வாசலிலேயே தள்ளுவண்டியில் காளான். அந்தக் காளானில் முக்கால்வாசி முட்டைக்கோஸ்தான் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் விடுவதில்லை.

எட்டரைக்கு டியூஷன் முடிந்து வீடு. மூன்று தோசை. அப்புறம் படிப்பு. அப்புறம் என்ன என்பதுதான் முதலில் எனக்குத் தெரியாமல் போனது.

முதல் சந்திப்பில் கண்டது

ஜூலை. உயரம் 168 செ.மீ., எடை 70 கிலோ, உடல் நிறைக் குறியீடு 24.8. இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடப்படி இது கூடுதல் எடைப் பட்டையில் வருகிறது, உடல் பருமன் கோட்டை எட்டவில்லை. ஓராண்டில் எட்டுக் கிலோ ஏறியிருந்தது என்பதுதான் கவலை. கழுத்தின் பின்புறமும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்திருந்தது. அம்மா அதை அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்கூடால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கி வைத்திருந்தார். அது அழுக்கில்லை. இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் சரியாகச் செவிசாய்க்காதபோது தோலில் தெரிகிற அடையாளம். வெறும் வயிற்றுச் சர்க்கரை 99. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.8, 5.7 தொடங்கினாலே நீரிழிவின் வாசற்படி என்று கணக்கு. ஹீமோகுளோபின் 13.6, தைராய்டு சரி. அப்பாருக்கு, அதாவது அப்பாவின் அப்பாவுக்கு, சர்க்கரை இருந்திருக்கிறது.

மருத்துவர் இன்னும் சிலவற்றை யோசித்தார். குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் தடையும் இருந்தால் பகலில் இப்படித்தான் சோர்வு வரும். குறட்டை உண்டா என்று கேட்டதற்கு அம்மா சிரித்துவிட்டார். எட்டுத் தறி ஓடுகிற வீட்டில் குறட்டை யார் காதில் விழும்? தறி நிற்கிற ஞாயிற்றுக்கிழமைக் காலையில் போனில் பதிவு செய்து வரச் சொன்னார், குறட்டை இல்லை. மனச்சோர்வைக் கேட்டறிந்தார். நண்பர்கள், விளையாட்டு, சிரிப்பு எல்லாம் இருந்தன. இரவு உணவுக் கோளாறு என்று ஒன்று உண்டு. ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1955இல் விவரித்தது. நாள் உணவில் கால் பங்குக்கு மேல் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளே போவது, அல்லது சாப்பிடுவதற்காகவே தூக்கத்திலிருந்து எழுவது அதன் அடையாளம். அளவைப் பார்த்தால் பையன் அதில் அடங்குவான். ஆனால் அவன் தூக்கத்திலிருந்து எழுந்து சாப்பிடவில்லை, சாப்பிட்டதற்காக மருகவும் இல்லை. மருத்துவர் அந்தப் பெயரை அவன்மேல் எழுதாமல் விட்டது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன்.

ஒரே தாளில் இரண்டு கணக்கு

சார்ட் தோற்ற பிறகு எழுதச் சொன்னது வேறு தாள். ஒரு நாளுக்கு ஒரு நீள் கோடு, அதில் இருபத்து நான்கு கட்டம். தூங்கினால் கட்டத்தை நிரப்ப வேண்டும்; வாயில் எது போனாலும் அந்த நேரத்துக்கு மேலே எழுத வேண்டும். வேனில் கண்ணயர்வதும் தூக்கம்தான், பேக்கரி டீயும் சாப்பாடுதான். பதினான்கு நாள்.

பையன் நன்றாகவே எழுதினான். கணக்குப் பையன், கட்டம் போட்ட தாள் அவனுக்குப் பிடித்துப்போயிற்று. பள்ளி நாள்களில் படுப்பது சராசரியாக ஒரு மணி, எழுவது 5.45. நான்கே முக்கால் மணிநேரம். பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயது வரை எட்டு முதல் பத்து மணிநேரம் வேண்டும் என்கிறது அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தின் 2016ஆம் ஆண்டுப் பரிந்துரை. இவன் பாதியில் நிற்கிறான். சனிக்கிழமை இரவு இரண்டு மணிக்குப் படுத்து ஞாயிறு பதினொன்றரைக்கு எழுகிறான்.

இதில் ஒரு கணக்குப் பாருங்கள். பள்ளி நாளில் அவன் தூக்கத்தின் நடுப்புள்ளி ஏறக்குறைய 3.20. ஞாயிற்றுக்கிழமை அது 6.45. வித்தியாசம் மூன்றரை மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவு. கோவையிலிருந்து சார்ஜா போகிறவர் கடிகாரத்தை ஒன்றரை மணிநேரம் பின்னால் தள்ளி வைக்கிறார். இவன் ஒவ்வொரு சனிக்கிழமையும் சார்ஜாவைத் தாண்டி அதைவிட தூரம் போய்விட்டு, திங்கட்கிழமைக் காலை 6.35 வேனுக்குத் திரும்பி வந்து நிற்கிறான். ஜெர்மனியின் டில் ரோனபெர்க்கும் அவரோடு ஆய்ந்தவர்களும் இதற்குச் சமூக ஜெட்லாக் என்று 2006இல் பெயர் வைத்தார்கள். விமானச் சீட்டு இல்லாத பயணம்.

சாப்பாட்டு வரியில் காலை காலியாக இருந்தது. பதினோரு மணி இடைவேளையில் ஒரு பப்ஸ். மதியம் பாதி டப்பா. மாலை 5.20க்கு டீ, காளான். ஒன்பது மணிக்குத் தோசை. பிறகு, கிட்டத்தட்ட எல்லா நாளும், 11.45க்கு நேராக: பரோட்டா 2, சால்னா, டீ. ஒரு நாள் உணவில் பாதிக்குச் சற்றுக் குறைவான அளவு இரவு ஒன்பதுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது.

காலையில் ஏன் பசிக்கவில்லை என்பதற்கு அந்தக் கோடே விடை. பசிக்கும் ஒரு நாள் ஓட்டம் உண்டு. ஹார்வர்டில் பிராங்க் ஷீரின் குழு 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வெளி நேரமே தெரியாத மங்கிய அறையில் பன்னிரண்டு பேரை வைத்துப் பார்த்தபோது, உள் கடிகாரத்தின்படி பசி மிகக் குறைந்தது காலை எட்டை ஒட்டி, மிகக் கூடியது இரவு எட்டை ஒட்டி. நேரத்தோடு தூங்கி எழுகிற பெரியவர்களுக்கே அப்படி. பருவ வயதில், தூக்கத்துக்கு நேரமாயிற்று என்று உடலுக்குச் சொல்லும் மெலடோனின் சுரப்பது ஒன்று முதல் இரண்டு மணிநேரம் தள்ளிப்போகிறது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கடான் பல ஆண்டுகளாகக் காட்டிவந்த செய்தி இது. அதற்கு மேலே நள்ளிரவு டீ. ஆகவே 5.45க்கு அம்மா தட்டி எழுப்பும்போது பையனின் உடலுக்கு அது நடுச்சாமம். நடுச்சாமத்தில் இட்லியை நீட்டினால் யாருக்கு இறங்கும்? அம்மா அதை அடம் என்றார். நான் சார்ட் போட்டேன். இருவரும் ஒரே தப்பைத்தான் செய்தோம்.

இரவுத் தீனிக்கும் காரணம் உண்டு. சிகாகோவில் கரின் ஸ்பீகல் குழு 2004இல், பன்னிரண்டு இளம் ஆண்களை இரண்டு இரவு நான்கு மணிநேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்தது. பத்து மணிநேரம் படுத்த நாள்களோடு ஒப்பிட்டால், வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, பசியைக் கிளறும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. சின்சினாட்டியில் டீன் பீபியும் அவரோடு ஆய்ந்தவர்களும் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் பார்த்து 2013இல் எழுதியது இன்னும் நெருக்கம். படுக்கையில் ஆறரை மணிநேரம் மட்டும் இருந்த வாரத்தில், பத்து மணிநேரம் இருந்த வாரத்தைவிட 11 சதவீதம் அதிகக் கலோரி உண்டார்கள். இனிப்புப் பண்டங்கள் 52 சதவீதம் அதிகம். கீரையோ பழமோ கூடவில்லை. தூக்கம் கெட்ட பிள்ளை பொரியலைத் தேடிப் போவதில்லை.

ஆக, சுழல் தெரிந்துவிட்டது. இரவு உண்பதால் காலைப் பசி இல்லை, பகல் முழுக்க அரைவயிறு, அரைவயிறு இரவில் கணக்குத் தீர்க்கிறது, அதற்குள் மணி ஒன்று. எங்கே பிடித்து அவிழ்ப்பது? நான் இரவில் பிடிக்கலாம் என்று நினைத்தேன். பரோட்டாவை நிறுத்து, பத்தரைக்குப் படு. எளிதாகத் தெரிந்தது.

பதினொன்றே முக்கால்

அந்த 11.45 மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. பசி நிமிடம் பார்த்து வருவதில்லை. ஒரு நாள் 11.30, ஒரு நாள் 12.15 என்று அலைந்திருக்க வேண்டும். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

“அப்ப அப்பா ஒரு பாட்டம் தறியெல்லாம் பாத்துட்டு வெளிய வருவாருங்க மேடம். பரோட்டா மொதல்லயே வாங்கி வச்சிருப்பாரு. அப்பாகூட ஒட்டுக்கா உக்காந்து உங்கறது அந்த நேரந்தானுங்க.”

காலையில் அவன் போகும்போது அப்பா தறிக்குடோனில். அவன் டியூஷன் முடிந்து வரும்போது மறுபடி தறிக்குடோனில். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இருவரும் பார்த்துக்கொள்வது ஒரு நாளில் இருபது நிமிடம், பாதிராத்திரியில், நூல் பஞ்சு படிந்த திண்ணையில். பள்ளிக் கதை, கிரிக்கெட், எந்தத் தறியில் நாடா தட்டுகிறது, எல்லாப் பழமையும், அதாவது பேச்சும், அங்கேதான். அப்பாவின் பிளாஸ்கில் இருக்கும் டீயில் அவனுக்கும் ஒரு டம்ளர். ராத்திரி முழுக்க நிற்கிற ஆள் குடிக்கிற டீ எவ்வளவு ஸ்ட்ராங்காக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒன்பதரையிலிருந்து 11.45 வரை அவன் படித்ததாக வீட்டார் நம்பிக்கொண்டிருந்தார்கள். தாளைப் பார்த்தால் படிப்பு பத்தரையோடு முடிகிறது. மீதி நேரம் போன். எல்லாப் பெற்றோரும் போனைத்தான் முதல் குற்றவாளியாக நிறுத்துவார்கள். போனுக்குப் பரிந்து பேச எனக்கு ஆசை இல்லை. திரை வெளிச்சம் மெலடோனினைத் தள்ளிப்போடும் என்பது உண்மை. ஆனால் இந்தப் பையன் போனுக்காக விழித்திருக்கவில்லை. அப்பாவுக்காக விழித்திருந்தான், அதுவரை கையில் போன் இருந்தது.

இது தெரியாமல் ‘எட்டு மணிக்குமேல் ஒன்றும் கூடாது’ என்று எழுதிய என் சார்ட் அவனிடமிருந்து எதைப் பிடுங்கப் பார்த்தது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. அவன் அதை மடிப்புக்கூடக் கலைக்காமல் வைத்திருந்ததில் நியாயம் இருக்கிறது.

மாலைச் சோறு

அப்பாவை வரச் சொன்னோம். தூக்கம் கெட்டு, ஒரு புதன்கிழமை மதியம் வந்தார். அதிகம் பேசாத மனிதர். நான் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, பையனோடு உட்கார்ந்து சாப்பிட வேறு நேரம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “அஞ்சே காலுக்கு நான் எந்திரிச்சு சும்மாதானுங்க உக்காந்திருப்பேன். இவன் சோமனூர்ல எறங்கிப் பேக்கரில நிக்கறான். வேன் எங்கூட்டுக்கு முன்னால தானுங்க போகுது.”

வேன் வீட்டைத் தாண்டித்தான் சோமனூர் போகிறது! இரண்டு மாதம் நாங்கள் கிரெலினையும் லெப்டினையும் பேசிக்கொண்டிருந்தோம். தீர்வு வேன் போகிற தடத்தில் இருந்தது.

ஏற்பாடு இப்படி. பையன் ஐந்து மணி சுமாருக்கு வீட்டில் இறங்குகிறான். அப்பாவும் அவனும் உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். தீனி இல்லை, சோறு. அரிசிம்பருப்பு, இல்லையென்றால் சோறும் கொள்ளுப் பருப்பும், பச்சைப்பயறு கடைசல், ஏதாவது ஒரு கீரை, இரண்டு முட்டை. இந்த வயது ஆண் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 55 கிராம் புரதம் வேண்டும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்கு. நாமக்கல்லுக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு முட்டைக்குப் பஞ்சம் சொல்ல முடியாது. பையனுக்கு டீ அந்த வேளையோடு சரி. குடித்த காபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே சுமார் ஐந்து மணிநேரம் ஆகும். ஐந்து மணி டீயின் மிச்சமே பத்து மணிக்குப் பாதி இருக்கும். சாப்பிட்டு சைக்கிளில் டியூஷன். ஒன்பது மணிக்கு இரண்டு ராகி தோசையோ இட்லியோ. காலையில் யாரும் எதையும் வற்புறுத்தக் கூடாது. வேனில் கையில் ஒரு வாழைப்பழமும் வேகவைத்த கடலைக்காயும், வேண்டுமானால் சாப்பிடட்டும்.

முதல் வாரம் படுதோல்வி. சோறு இறங்கியது, படுக்கையும் பத்தரைக்குப் போட்டார்கள், தூக்கம்தான் வரவில்லை. “கண்ண மூடுனா தூக்கமே வரமாட்டீங்குதுங்க.” பன்னிரண்டு வரை புரண்டுவிட்டு எழுந்து திண்ணைக்குப் போய்விட்டான். அப்பா விரட்டவும் மனமில்லாமல், கொடுக்கவும் கூடாமல், பரோட்டாவில் பாதி கொடுத்திருக்கிறார். தப்பு என்னுடையது. ஒரு மணிக்குப் பழகிய உள் கடிகாரம் ஒரே நாளில் இரண்டரை மணிநேரம் முன்னால் வராது. நான்கு நாளுக்கு ஒருமுறை இருபது நிமிடம் என்று மாற்றினோம். 12.40, 12.20, 12.00. காலையில் வேனுக்கு முன்பும் இடைவேளையிலும் நிழலில் நிற்காமல் வெயிலில் நிற்கச் சொன்னேன். அந்த வெளிச்சம்தான் கடிகாரத்தை முன்னால் இழுக்கும் கயிறு. போன் ஒன்பதரைக்கு மேல் தார் மெஷின் பக்கத்து பிளக்கில்.

சனிக்கிழமை இரவு மட்டும் மசியவில்லை. காரணம் நான் எந்தப் புத்தகத்திலும் படிக்காதது. சனிக்கிழமை எட்டு மணிக்குத் தறியை நிறுத்திவிடுவார்கள். பிறந்ததிலிருந்து எட்டுத் தறி அடிக்கிற சத்தத்தில் தூங்கிய பிள்ளைக்கு, சத்தம் நின்றால் தூக்கம் போய்விடுகிறது. தறிக்காரர் வீடுகளில் இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ராத்திரி கரண்ட் போனால் வீடே எழுந்து உட்காரும். பழைய ஸ்டாண்டு ஃபேன் ஒன்று, இறக்கை தட்டிக் கடகடக்கிறது என்று பரணில் போட்டிருந்தார்கள். அதை இறக்கிச் சனிக்கிழமைதோறும் சுவர்ப் பக்கம் திருப்பி ஓடவிட்டார்கள். பன்னிரண்டுக்குள் தூங்கினான். ஞாயிறு எட்டு மணிக்கு எழுப்பிவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். கறிக்கடைக்குப் போகிற வேலையை அப்பா அவன்மேல் போட்டது நல்ல யோசனை.

சுமார் ஒன்றரை மாதத்தில் படுக்கை நேரம் பத்தரைக்கு வந்தது. ஐந்தாவது வாரத்துத் தாளில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை 6.15க்கு மேலே “இட்லி 3” என்று எழுதியிருந்தான். யாரும் சொல்லவில்லை. அம்மா சட்னி அரைக்கக்கூட இல்லை, பொடி வைத்துச் சாப்பிட்டானாம்.

எண்கள், அப்புறம் எண்ணில் வராதவை

நவம்பரில் உயரம் 169, எடை 68.6, குறியீடு 24.0, எச்பிஏ1சி 5.6. கழுத்துக் கறுப்பு அப்படியேதான் இருக்கிறது. அது மங்க நாளாகும். பீர்க்கங்கூடு நின்றுவிட்டது. பள்ளி நாள் தூக்கம் ஏழு மணிநேரம். வகுப்பில் தூங்கி விழுவது குறைந்ததாக அவனே சொன்னான்.

இதில் எது எதனால் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. தூக்கம், டீ, புரதம், பேக்கரி, அப்பா, வெயில் என்று ஒரே நேரத்தில் ஆறு நூலைப் பிடித்து இழுத்தோம். ஒரு பையன், நான்கு மாதம். 5.8க்கும் 5.6க்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில் பாதி பரிசோதனைக்கூடத்தின் ஏற்ற இறக்கமாகவும் இருக்கலாம். தூக்கக் கட்டங்களும் அவன் எழுதியதுதான், கருவி கட்டி அளந்ததில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது வரிசை மட்டும். மாலைச் சோறு முதலில் வந்தது, தூக்கம் அதன் பின்னால் நகர்ந்தது, காலைப் பசி கடைசியில் தானாக வந்தது. நான் போட்ட முதல் சார்ட் இந்த வரிசையைத் தலைகீழாகத் தொடங்கியது.

ஏழு மணிநேரமும் போதாதுதான். பத்தரைக்கு முன்னால் படுக்க டியூஷன் விடாது, 5.45க்குப் பின்னால் எழ வேன் விடாது. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் 2014இலேயே மேல்நிலை வகுப்புகள் காலை எட்டரைக்கு முன்னால் தொடங்கக் கூடாது என்றது; கலிபோர்னியா 2019இல் சட்டமாக்கி 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இங்கே எட்டரை என்றால் இரண்டாவது பாடவேளை. நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் விடியலுக்கு முன் பிள்ளைகளை எழுப்பிப் படிக்க வைத்த காலத்தில் அவற்றுக்குப் பிராய்லர் பள்ளி என்று பெயர் விழுந்தது. கேலிப்பெயர்தான், ஆனால் கோழிப்பண்ணையில் ராத்திரியும் விளக்கெரிவது எதற்கு என்று தெரிந்தவர்கள் வைத்த பெயர். அந்த வழக்கம் இப்போது விடுதி இல்லாத பள்ளிகளுக்கும் வேனேறி வந்துவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கென்று வந்தது. நல்ல திட்டம். காலையில் வெறுவயிற்றோடு போவது அதிகமாகிற வயது அதற்குப் பின்னால்தான் தொடங்குகிறது.

ஸ்பெஷல் கிளாஸை அரை மணிநேரம் தள்ளி வைக்க முடியுமா என்று மருத்துவரின் கையெழுத்தோடு பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுத்தோம். பதில் வரவில்லை. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வந்ததும் படுக்கை 11.45க்குப் போயிற்று, டீ திரும்பியது, பேக்கரியும் திரும்பியது. பொங்கல் லீவில் மறுபடி இருபது இருபது நிமிடமாக இழுத்தோம். இரண்டாம் முறை சீக்கிரம் வந்தது.

நான்காவது சந்திப்பில்தான் அம்மாவிடம் அவர் எப்போது தூங்குகிறார் என்று கேட்டேன். பையன் படுத்த பிறகு பாத்திரம் கழுவிவிட்டு, ஒரு சாக்கு தார் போட்டுவிட்டு, பதினொன்றரை. எருமைக்காக நான்கரைக்கு எழுகிறார். “எனக்கென்னுங்க, பழகிருச்சு” என்றார். பகலில் ஒரு மணிநேரம் படுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். படுப்பதாக நம்பவில்லை.

முன்பே எழுதியிருக்க வேண்டிய ஒன்று விட்டுப்போயிற்று. அந்தப் புதன்கிழமை அப்பா வந்தபோது, குடும்பத்தில் சர்க்கரை உண்டே என்று மருத்துவர் அவருக்கும் ஒரு சோதனை எழுதினார். மறுநாள் காலை தறியை நிறுத்தியதும் வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுத்தார். 171. எச்பிஏ1சி 8.2. நாற்பத்து நான்கு வயது, இருபது ஆண்டாக இரவு ஷிப்ட், ஒருநாள்கூட மாத்திரை தொட்டதில்லை. தூக்கம் கெட்டுப்போனது அவருக்குத்தான் முதலில். நாங்கள் பையனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரவு ஷிப்டுக்கு ஆள் தேடுகிறார்கள், இன்னும் கிடைக்கவில்லை. மாத்திரை தொடங்கியாயிற்று. பன்னிரண்டு மணிக்கு என்ன சாப்பிடலாம் என்பதற்கு நான் சார்ட் எழுதவில்லை, கட்டம் போட்ட தாள்தான் கொடுத்தேன். அவருக்கு எழுத நேரமில்லை என்று பையன்தான் நிரப்புகிறான். போன மாதத்துத் தாளில் பாதிராத்திரிக் கட்டத்துக்கு மேல் அவன் கையெழுத்தில் இப்படி இருந்தது: “அப்பா – மோர், சுண்டல். பரோட்டா இல்லைன்னு சொன்னார். பேப்பர் குப்பையில கெடந்தது.”